பொத்தானுக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்

"ஏண்டா தம்பி, சத்தம் வருது, படம் வரலையே. ஃபைல் போயிருச்சாடா?"

காரைக்குடியிலிருந்து அக்கா போனில் கேட்டாள். அவள் மகளுக்கு வளைகாப்பு நடந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் தம்பி தன் போனில் 14 நிமிடம் படம் பிடித்திருந்தார். அதை அக்கா வீட்டு மடிக்கணினியில் ஏற்றிய கையோடு, இடம் போதவில்லை என்று போனிலிருந்து அழித்தும்விட்டார். இப்போது மடிக்கணினியில் திறந்தால் பெண்கள் பேசும் சத்தம் கேட்கிறது, கண்ணாடி வளையல்கள் உரசும் கிணுகிணுப்பு கேட்கிறது, ஒரு பாட்டி பாடத் தொடங்கிப் பாதியில் சிரித்துவிடுவதுகூடக் கேட்கிறது. திரை மட்டும் கருப்பு.

இந்தக் கருப்புத் திரையைப் பார்க்காதவர்கள் குறைவு. சிலருக்குப் படம் வரும், சத்தம் வராது. சிலருக்கு இரண்டும் வரும், ஆனால் உதடு அசைந்து முடிந்த பிறகு பேச்சு வரும். அப்போது நாம் செய்வதும் ஒன்றுபோலவே இருக்கும். கணினியை அணைத்துப் போடுவோம், வேறு மென்பொருளை இறக்கிப் பார்ப்போம். கடைசியில் யாராவது "ஃபைல் கரப்ட் ஆயிருச்சு" என்று சொன்னால் நம்பி அழித்துவிடுவோம். ஒரு குறையும் இல்லாத எத்தனையோ பதிவுகள் இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தாலே எனக்கு மனசு ஆறாது. கோளாறு எங்கே என்று கேட்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

"எதையும் அழிச்சிராதக்கா. சனிக்கிழமை வர்றேன்" என்றேன்.

ஒரு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட்

முக்கோணம் போட்ட அந்தப் பொத்தானை அழுத்தியதும் என்ன நடக்கிறது? முதலில் ஒரு சின்னக் கணக்கு.

இன்றைய சாதாரணக் காணொளியில் ஒரு படம் என்பது குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று மூன்று எண்கள் வேண்டும். ஓர் எண்ணுக்கு ஒரு பைட் என்று வைத்தால், ஒரே ஒரு படத்துக்கு 62 லட்சம் பைட். நொடிக்கு 30 படம் என்றால் 18 கோடியே 66 லட்சம். ஒரு நிமிடத்துக்கு 11 ஜிகாபைட்டைத் தாண்டிவிடும். வளைகாப்பு 14 நிமிடம். அப்படியே சேமித்திருந்தால் பல போன்களில் அடங்கியிருக்காது.

உண்மையில் அந்தக் கோப்பு ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 மெகாபைட் வீதம்தான் இருந்தது. ஏறக்குறைய 190-இல் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கிறது. எப்படி? ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பெரிதாக எதுவும் மாறுவதில்லை. சுவர் அப்படியே இருக்கிறது, குத்துவிளக்கு அப்படியே இருக்கிறது, வளையல் போடும் கை மட்டும் விரற்கடை நகர்ந்திருக்கிறது. அதனால் ஒரு முழுப் படத்தைப் பதிந்துவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு "இந்தப் பகுதி இவ்வளவு நகர்ந்தது, இங்கே நிறம் இப்படி மாறியது" என்று குறிப்பு மட்டும் எழுதிக்கொண்டு போகிறது போன். இந்தக் குறிப்பெழுதும் இலக்கணத்தைத்தான் கோடெக் என்கிறார்கள். நாம் சுருக்குமுறை என்று சொல்லிக்கொள்வோம். சுருக்கெழுத்தைப் போலத்தான். எழுதியவரின் முறை தெரிந்தால்தான் திரும்ப வாசிக்க முடியும்.

சுருக்கிய படத்தையும் சுருக்கிய ஒலியையும் தனித்தனியாக வைப்பதில்லை. கொஞ்சம் படம், கொஞ்சம் ஒலி, மறுபடி கொஞ்சம் படம் என்று மாற்றி மாற்றி அடுக்கி ஒரே பொதியாகக் கட்டுகிறார்கள். கோப்பின் பெயருக்குப் பின்னால் புள்ளி வைத்து எம்பி4, எம்ஓவி என்றெல்லாம் இருக்கிறதே, அது இந்தப் பொதியின் பெயர் மட்டும்தான். உள்ளே எந்தச் சுருக்குமுறை இருக்கிறது என்பதை அது சொல்லாது. "இதுவும் எம்பி4, அதுவும் எம்பி4, அது ஓடுது, இது ஏன் ஓடல?" என்ற கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது.

ஆக, பொத்தானை அழுத்தியதும் ஒரு வேலைச்சங்கிலி ஓடத் தொடங்குகிறது. கோப்பைப் படிக்க வேண்டும். பொதியைப் பிரித்துப் படத்தை ஒரு பக்கமும் ஒலியை ஒரு பக்கமும் அனுப்ப வேண்டும். இரண்டையும் அதனதன் இலக்கணப்படி விரிக்க வேண்டும். விரித்ததைத் திரைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஏற்ற வடிவில் மாற்ற வேண்டும். பிறகு சரியான கணத்தில் காட்ட வேண்டும், கேட்கச் செய்ய வேண்டும். பொத்தான் இத்தனையையும் மறைத்துவிடுகிறது. எல்லாம் நன்றாக ஓடும்வரை அந்த மறைப்பு நமக்கு வசதி. எங்கோ ஒரு கண்ணி அறுந்துவிட்டால் அதுவே நம் கண்ணைக் கட்டிவிடுகிறது.

தோட்டத்துக் குழாய்

1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் என்ற கணிதர் ஒரு சிறு குறிப்பு எழுதினார். கணினி நிரல்களைத் தோட்டத்துக் குழாய்களைப் போல ஒன்றோடொன்று திருகி இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு வேலை கூடுதலாகத் தேவைப்பட்டால் நடுவே இன்னொரு துண்டைச் சேர்த்தால் போதும், முழுவதையும் புதிதாகச் செய்யத் தேவையில்லை. 1973-இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் அதை ஒரே இரவில் செய்து காட்டினார். முதல் நிரலின் பெயர், ஒரு நெட்டுக்கோடு, இரண்டாம் நிரலின் பெயர். இவ்வளவுதான். முதலாவதிலிருந்து வெளியே வருவது இரண்டாவதுக்குள் பாயும்.

அதே எண்ணத்தைப் படத்துக்கும் ஒலிக்கும் கொண்டுவந்த மென்பொருள்களில் ஒன்று ஜிஸ்ட்ரீமர். 1999-இல் எரிக் வால்தின்சன் தொடங்கிவைத்தார், 2001-இல் முதல் பெரிய வெளியீடு வந்தது. லினக்ஸ் கணினிகளில் நாம் பொத்தானை அழுத்திப் பார்க்கும் பல இயக்கிகளுக்கு அடியில் ஓடுவது இதுதான். இதனோடு ஜிஎஸ்டி-லாஞ்ச் என்றொரு சின்னக் கருவி வருகிறது. அதற்குச் சன்னல் கிடையாது, பொத்தான் கிடையாது. டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் ஒரு வரி எழுதி என்டர் தட்ட வேண்டும். அந்த வரியில் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியையும் நாமே பெயர் சொல்லி அடுக்குகிறோம். கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே ஆச்சரியக்குறி போட்டால் அதுதான் குழாய் இணைப்பு.

சங்கிலியின் தலையில் இருப்பதை ஊற்று என்றும், கடைசியில் வாங்கிக்கொள்வதை வயல் என்றும் சொல்வோம். நடுவில் இருப்பவை எல்லாம் தண்ணீரைப் பிரிக்கிற, வடிகட்டுகிற, திருப்பிவிடுகிற வேலைகள். கீழே வரும் கட்டளைகளை விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். இங்கே அவற்றின் ஓசையைத் தமிழில் தருகிறேன்.

தெரிந்த தண்ணீர்

சனிக்கிழமை மத்தியானம். அக்கா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்தாள். அது அவள் மகன் கல்லூரிக் காலத்தில் லினக்ஸ் ஏற்றி வைத்திருந்த இயந்திரம். வளைகாப்புக் கோப்பைத் திறக்கத்தான் எனக்கும் கை பரபரத்தது. ஆனால் முதலில் அதைத் தொடக் கூடாது.

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் ஏரி வற்றியிருக்கலாம், வாய்க்கால் தூர்ந்திருக்கலாம், வயல் மேடாகியிருக்கலாம். மூன்றும் சந்தேகத்தில் இருக்கும்போது எதைப் பார்த்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு முனையையாவது சந்தேகத்துக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். அதற்கு, என்ன வரும் என்று நமக்கு முன்கூட்டியே தெரிந்த ஒன்றைப் பாய்ச்ச வேண்டும். அதைத் தெரிந்த தண்ணீர் என்பேன். இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவிருந்தால் எனக்குப் போதும்.

முதல் வரி இது:

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 ஆடியோடெஸ்ட்சோர்ஸ் ! ஆட்டோஆடியோசிங்க்

ஒரே ஊற்று, ஒரே வயல். கோப்பே கிடையாது. ஊற்று தானாகவே ஓர் ஒலியை உண்டாக்குகிறது, நொடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுத்தமான ஒற்றைச் சுரம். நம் பாடகர்கள் ஆறு கட்டை என்று சொல்லும் சுருதி. மேலைநாட்டு வாத்தியங்களுக்கு உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அளவும் இதுவே. பாட்டைப் போட்டுச் சோதித்தால் என்ன என்று கேட்கலாம். பாட்டில் ஏற்ற இறக்கம் உண்டு, இடைவெளி உண்டு, தாளம் உண்டு. நடுவே ஒரு கணம் அறுந்தால்கூட அது பாட்டின் பகுதியோ என்று காது ஏமாறும். மாறாத ஒற்றைச் சுரத்தில் இம்மியளவு அறுந்தாலும் "டிக்" என்று கேட்டுவிடும்.

என்டர் தட்டினேன். 'கூ' என்று ஒரே சீராக வந்தது. அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்து, "என்னடா இது, அந்தக் காலத்து தூர்தர்ஷன் மாதிரி" என்றாள்.

ஏழு பட்டைகள்

அவள் சொன்னது பொருத்தம். நிகழ்ச்சி தொடங்கும் முன் வண்ணப் பட்டைகளைக் காட்டி, கூடவே ஒற்றைச் சுரத்தை ஒலிக்கவிடும் வழக்கம் தொலைக்காட்சி நிலையங்களில் இருந்தது. அதுவும் தெரிந்த தண்ணீர்தான். நமக்கு அது பொறுமையைச் சோதிக்கும் காத்திருப்பு, நிலையத்துப் பொறியாளருக்கோ அன்றைய முதல் பரிசோதனை.

அடுத்த வரி:

ஜிஎஸ்டி-லாஞ்ச்-1.0 வீடியோடெஸ்ட்சோர்ஸ் ! ஆட்டோவீடியோசிங்க்

சின்னதாக ஒரு சன்னல் திறந்து பட்டைகள் வந்தன. இவற்றின் மூலம் அமெரிக்காவின் சிபிஎஸ் ஆய்வுக்கூடம். அங்கே அல் கோல்ட்பர்க் வகுத்த அமைப்பைத் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் சங்கமான எஸ்எம்பிடிஇ 1978-இல் தன் நெறியாக ஏற்றது. மேலே இடமிருந்து வலமாக ஏழு நிறங்கள்: சாம்பல், மஞ்சள், பச்சைநீலம், பச்சை, ஊதாச்சிவப்பு, சிவப்பு, நீலம்.

ஏன் இந்த வரிசை? வானவில்லின் வரிசை இது இல்லை. அழகுக்காக அடுக்கியதுபோலவும் தெரியவில்லை. இதற்குள் இருக்கும் ஒழுங்கை முதன்முதலில் கண்டுகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

திரையில் உண்மையில் இருப்பது மூன்றே விளக்குகள்: சிவப்பு, பச்சை, நீலம். நீல விளக்கை மட்டும் கவனித்துக்கொண்டு இடமிருந்து வலமாக நடந்து பாருங்கள். சாம்பலில் எரிகிறது, மஞ்சளில் அணைகிறது, பச்சைநீலத்தில் எரிகிறது, பச்சையில் அணைகிறது. பட்டைக்குப் பட்டை மாறி மாறி, கடைசி நீலம்வரை. இனிச் சிவப்பு விளக்கு. இரண்டு பட்டை எரிகிறது, இரண்டு அணைகிறது, இரண்டு எரிகிறது, கடைசியில் அணைகிறது. பச்சை விளக்கோ முதல் நான்கில் எரிந்து கடைசி மூன்றில் அணைந்திருக்கிறது. ஒன்று, இரண்டு, நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போகும் அடுக்கு. மூன்று விளக்குகளை வைத்துக் கருப்பு நீங்கலாக எத்தனை சேர்க்கை உண்டோ அத்தனையும் ஒரு முறை வந்துவிடுகின்றன. கூடவே, இடமிருந்து வலமாகப் போகப் போக வெளிச்சமும் படிப்படியாகக் குறைகிறது. நம் கண்ணுக்குப் பச்சைதான் மிகப் பிரகாசம், அடுத்தது சிவப்பு, நீலம் கடைசி. அதனால் பச்சை நான்கு பட்டை, நீலம் ஒன்றுவிட்டு ஒன்று என்று வைத்தாலே வெளிச்சம் தானாக இறங்குவரிசையில் அமைந்துவிடுகிறது.

இதனால் ஒரே பார்வையில் நோயைச் சொல்லிவிடலாம். திரைக்குப் போகும் கம்பியில் சிவப்பு இழை அறுந்திருந்தால் சாம்பல் பட்டை பச்சைநீலமாகும், மஞ்சள் பச்சையாகும், ஊதாச்சிவப்பு நீலமாகும், சிவப்புப் பட்டை கருத்துப்போகும். மனித முகங்கள் நீலம் பூத்துத் தெரிகிற ஒரு கோளாறு உண்டு. மென்பொருள் சிவப்பு எண்ணையும் நீல எண்ணையும் இடம் மாற்றிப் படித்தால் அப்படி ஆகும். பட்டைகளில் அது இன்னும் தெளிவு: மஞ்சளும் பச்சைநீலமும் இடம் மாறும், கடைசியில் நீலமும் சிவப்பும் இடம் மாறும், சாம்பலும் பச்சையும் ஊதாச்சிவப்பும் அசையாமல் இருக்கும். திருமண வீடியோவில் இதைப் பார்த்தால் பட்டுப்புடவையின் நிறமே இப்படித்தானோ என்று குழம்பத்தான் முடியும்.

அக்காவின் திரையில் ஏழும் அதனதன் இடத்தில் இருந்தன. திரை நலம், ஒலிபெருக்கி நலம். கோளாறு அவற்றுக்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

நடுவில் வெட்டு

இனி மறுமுனை. ஜிஸ்ட்ரீமரோடு வரும் இன்னொரு கருவி ஜிஎஸ்டி-டிஸ்கவரர். கோப்பின் பெயரைக் கொடுத்தால் பொதியைத் திறந்து உள்ளே இருப்பதைப் பட்டியலிடும். கொடுத்தேன். பொதி: குவிக்டைம். ஒலி: ஏஏசி. படம்: எச்.265. நீளம் 14 நிமிடத்துக்குச் சற்று அதிகம். அதாவது பொதி முழுசாக இருக்கிறது, உள்ளே படமும் இருக்கிறது.

"அப்ப போகலைல்ல?" என்றாள் அக்கா.

"போகலக்கா. உள்ள பத்திரமா இருக்கு."

இரண்டு முனையும் நன்றாக இருந்தால் நோய் நடுவில். பொதியைப் பிரிக்கும் பிரிப்பானிலா, சுருக்கியதை விரிக்கும் விரிப்பானிலா? இதற்கும் ஒரு நல்ல உத்தி உண்டு. ஜிஸ்ட்ரீமரில் ஃபேக்சிங்க் என்றொரு வயல் இருக்கிறது. வருவதை எல்லாம் வாங்கி விழுங்கிவிடும், எதையும் காட்டாது. மணல்காட்டில் பாய்ந்த தண்ணீர் மாதிரி. எதற்கு அப்படி ஒன்று? சங்கிலியை எந்த இடத்தில் வேண்டுமானாலும் வெட்டி அங்கே இந்த மணலை வைக்கலாம். தண்ணீர் அதுவரை வந்தால் அதற்கு முந்திய எல்லாக் கண்ணிகளும் நலம். ஐந்து கண்ணிச் சங்கிலியில் ஒவ்வொன்றாகத் தேடாமல் நடுவில் வெட்டினால் ஒரே சோதனையில் பாதி விடுதலையாகிவிடும்.

பிரிப்பானுக்கு அடுத்து வெட்டி மணலை வைத்தேன். கோப்பு கடைசிவரை ஓடி முடிந்தது. விரிப்பானுக்கு அடுத்து வைத்தேன். உடனே நின்றது. எச்.265 விரிப்பான் இந்தக் கணினியில் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வந்தது. கோப்பு கெடவில்லை, கணினியும் கெடவில்லை. ஒருவர் எழுதிய சுருக்கெழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். ஒலியை எழுதிய முறை வேறு. அதை வாசிக்க ஆள் இருந்தது. அதனால்தான் வளையல் சத்தம் கேட்டது, வளையல் தெரியவில்லை.

எச்.265 என்பது 2013-இல் உறுதியான சுருக்குமுறை. முந்திய எச்.264-ஐவிடப் பாதியளவு இடத்தில் அதே தரத்தைத் தர முயல்வது. புதிய போன்கள் இதை விரும்பக் காரணம் அதுதான். கணினிகளில் ஏன் இல்லை? இதன்மேல் காப்புரிமை கொண்டவர்கள் பலர், அவர்கள் சார்பில் உரிமத் தொகை கேட்கும் குழுக்களும் ஒன்றுக்கு மேல். இலவசமாக வழங்கப்படும் இயங்குதளங்கள் பல, இந்தச் சிக்கலுக்குப் பயந்து விரிப்பானைச் சேர்க்காமலே வருகின்றன. ஜிஸ்ட்ரீமர்காரர்கள் தங்கள் துணைநிரல்களைப் பிரித்து வைத்திருக்கும் விதமே இதைச் சொல்லும். 1966-இல் வந்த செர்ஜியோ லியோனின் புகழ்பெற்ற கௌபாய்ப் படத்தின் பெயரை எடுத்துக்கொண்டு குட், பேட், அக்ளி என்று மூன்று மூட்டைகள். குட் என்றால் தரமும் நன்று, உரிமத்திலும் சிக்கல் இல்லை. பேட் என்றால் இன்னும் போதிய சரிபார்ப்பு நடக்கவில்லை. அக்ளி என்றால் தரம் நன்றாகவே இருக்கிறது, விநியோகிப்பதில்தான் சட்டச் சிக்கல் வரக்கூடும்.

விடுபட்டிருந்த விரிப்பான் அடங்கிய தொகுப்பை இணையத்திலிருந்து நிறுவச் சில நிமிடங்களே ஆயின. மணலை அப்படியே வைத்து மறுபடி ஓட்டினேன். கோப்பு கடைசிவரை போய்த் தானாக முடிந்தது.

இரண்டு வாய்க்கால், ஒரு நீர்பாய்ச்சி

இனி நேராகப் பொத்தானை அழுத்தியிருக்கலாம். முழுச் சங்கிலியையும் என் கையாலேயே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டேன். கோப்பு, பிரிப்பான், அங்கிருந்து படத்துக்கு ஒரு கிளை, ஒலிக்கு ஒரு கிளை. தட்டினேன். முதல் படம் மட்டும் வந்து உறைந்து நின்றது. சத்தம் இல்லை. பிழை என்று எந்த வரியும் வரவில்லை.

இந்த உறைநிலைக்கு விடை அக்கா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கண்மாய்க்கரையில் இருக்கிறது. சிவகங்கைச் சீமையில் மடையிலிருந்து வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடுபவரை நீர்பாய்ச்சி என்பார்கள். ஒரு மடை, இரண்டு வாய்க்கால், ஒரே நீர்பாய்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயல்காரர்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: இருவருக்கும் முதல் தண்ணீர் வந்து சேர்ந்த பிறகே இருவரும் சேர்ந்து வரப்பைத் திறப்பது. நீர்பாய்ச்சி முதல் வாய்க்காலில் தண்ணீரைக் கொண்டுவருகிறார். "இரு, அந்த வயலுக்கும் வரட்டும், பிறகு வாங்கிக்கொள்கிறேன்" என்கிறார் வயல்காரர். கையில் பிடித்த தண்ணீரை விட முடியாமல் நீர்பாய்ச்சி அங்கேயே நிற்கிறார். இரண்டாவது வாய்க்காலுக்குப் போக ஆள் இல்லை. அது வராமல் இது திறக்காது. விடிய விடிய நின்றாலும் இதேதான்.

அந்த ஒப்பந்தம் ஜிஸ்ட்ரீமரில் உண்மையாகவே இருக்கிறது. படமும் ஒலியும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக, இரண்டு வயலுக்கும் முதல் துளி வந்து சேரும்வரை யாரும் தொடங்குவதில்லை. தீர்வும் எளிது. ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு தேக்கத்தொட்டி கட்டி, அதற்குத் தனியாக ஓர் ஆளை நிறுத்திவிட்டால் போதும். நீர்பாய்ச்சி தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். கருவியில் இதன் பெயர் க்யூ. ஒவ்வொரு கிளையிலும் அந்த ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி தட்டினேன். படம் ஓடியது, சத்தம் வந்தது. பொத்தானை அழுத்தும்போதெல்லாம் இந்தத் தொட்டிகளை மென்பொருள் நமக்குத் தெரியாமல் கட்டிக்கொள்கிறது.

யார் கடிகாரம்?

எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். மடிக்கணினியின் சத்தம் போதாது என்று அக்கா மகள் புளூடூத் ஒலிபெருக்கியை இணைத்தாள். "மாமா, இப்ப வாய் ஒண்ணு அசையுது, பேச்சு பின்னாடி வருது" என்றாள்.

பொதிக்குள் ஒவ்வொரு படத் துண்டிலும் ஒலித் துண்டிலும் அது எப்போது வெளிப்பட வேண்டும் என்ற நேரமுத்திரை குத்தியிருக்கும். குவிக்டைம் பொதியில் படத்துக்கு நொடியை 600 கூறாகப் பிரிப்பது வழக்கம். நொடிக்கு 24 படம் கொண்ட சினிமா, 25 கொண்ட நம் தொலைக்காட்சி, 30 கொண்ட போன் மூன்றுக்கும் 600 மீதமில்லாமல் வகுபடும். எம்பெக் என்ற இன்னொரு முறையில் அதே காரணத்துக்காக 90,000 கூறு.

முத்திரை இருந்தால் மட்டும் போதாது, பார்த்து நடக்க ஒரு கடிகாரம் வேண்டும். கணினியில் கடிகாரங்கள் ஒன்றுக்கு மேல். ஒலி அட்டைக்கு ஒரு படிகம், மற்றவற்றுக்கு வேறு படிகம். சாதாரணப் படிகங்கள் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு முன்பின்னாக ஓடும். 50 பங்கு என்று வைத்தால் 14 நிமிடத்தில் வித்தியாசம் 0.04 நொடி, யாருக்கும் தெரியாது. இரண்டரை மணி நேரப் படத்தில் 0.45 நொடி, கதாநாயகன் பேசி முடித்த பிறகு பேச்சு வரும். எனவே ஒருவர் கடிகாரத்தை மற்றவர் ஏற்க வேண்டும். பொதுவாக ஜிஸ்ட்ரீமரும், எஃப்எஃப்பிளே என்ற இன்னொரு கட்டளைக் கருவியும் ஒலியின் கடிகாரத்தையே தலைவனாக வைக்கின்றன. ஒரு படம் தவறினால் கண் கவனிக்காது, ஒலியில் மயிரிழை அறுந்தாலும் காது பொறுக்காது. அதனால் ஒலி தன் போக்கில் ஓடும், படம்தான் காத்திருந்தும் தாவியும் கூடவே ஓடும்.

புளூடூத்தில் சிக்கல் வேறு. ஒலியைத் திரும்பச் சுருக்கி, காற்றில் அனுப்பி, அங்கே தேக்கி, விரித்து ஒலிக்க நேரமாகிறது. அந்தத் தாமதம் எவ்வளவு என்று ஒலிபெருக்கி சரியாகச் சொல்லிவிட்டால் மென்பொருளே படத்தைப் பின்தள்ளிவிடும். தவறாகச் சொன்னால் உதடு முந்தும். எவ்வளவு முந்துகிறது என்று அளக்க மறுபடி தெரிந்த தண்ணீர்தான். பட ஊற்றில் ஒரு பந்து சுழல, நொடிக்கொரு முறை நிறம் தலைகீழாக மாறும்படி செய்யலாம். ஒலி ஊற்றில் நொடிக்கொரு 'டிக்' வைக்கலாம். நிறம் மாறுவதும் 'டிக்' கேட்பதும் ஒன்றாக நிகழ வேண்டும். அதை இன்னொரு போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் மெதுவோட்ட முறையில் பிடித்து, நிறம் மாறிய படத்திலிருந்து 'டிக்' கேட்கும் படம்வரை எண்ணினால் விடை கைக்கு வரும். ஒரு படம் 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். 40 படம் என்றால் 167 மில்லிநொடி.

அது அதிகமா? உலகத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படி, ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர் கண்டுகொள்கிறார்கள், பிந்தினால் 125 வரை கண்டுகொள்வதில்லை. இந்தச் சமமின்மைக்கு ஒரு விளக்கம் ஆற்றங்கரையில் இருக்கிறது. அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள். துணி கல்லில் விழுந்த பிறகுதான் சத்தம் வரும். காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர், 34 மீட்டருக்கு அப்பால் இருந்து வரப் பத்தில் ஒரு நொடி. பிந்தி வரும் ஒலிக்கு நாம் பிறந்ததிலிருந்தே பழகியவர்கள். துணி விழுமுன் சத்தம் வருவதை யாரும் இயற்கையில் கேட்டதில்லை.

அக்கா வீட்டு ஒலிபெருக்கியையும் இப்படியே அளந்தேன். பட வயலுக்கு டிஎஸ்-ஆஃப்செட் என்றொரு திருகு உண்டு. அளந்த தாமதத்தை நானோநொடியில் அதற்குக் கொடுத்தால் படம் அவ்வளவு காத்திருக்கும். கொடுத்துவிட்டு மறுபடி பந்தைச் சுழலவிட்டேன். அக்கா மகள் கண் கொட்டாமல் பார்த்து, "இப்ப சேந்து வருது மாமா" என்றாள். பந்தை மூடிவிட்டு அதே எண்ணோடு வளைகாப்பைத் தொடங்கினேன். முதல் வளையல் அவள் மணிக்கட்டில் இறங்கி ஏற்கெனவே இருந்ததைத் தொட்டது, தொட்ட கணத்திலேயே கிணுங்கியது. பாதியில் சிரித்த பாட்டி யார் என்று கேட்டேன்.

"நம்ம சின்னத்தை தாண்டா. குரல் அடையாளம் தெரியலையா? முதல்ல இருந்து போடு" என்றாள் அக்கா.